கடைசிக் கால் மணி யாருடைய பாடு

நன்றாக ஆடுகிற பெண்ணை வெளியே உட்கார வைத்துவிட்டு, பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று தேடுகிற பெண்ணை உள்ளே அனுப்புகிற ஹாக்கி அணி எங்கள் மாவட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்குப் பயிற்சியாளன் நான். இப்போது எழுதும்போதும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

நான் உடற்கல்வி ஆசிரியர். சொந்த ஊர் திருப்பாலைவனம், வீட்டில் நெல் விவசாயம். தினமும் பைக்கில் பழவேற்காட்டுப் பக்கம் வந்து பள்ளியில் விசில் ஊதிவிட்டுத் திரும்புவேன். கல்லூரியில் ஹாக்கி ஆடியவன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் நாலு வருஷமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். அணியோடு ஊர் ஊராகப் போய், சட்டையில் துளி புழுதி படாமல் திரும்பி வந்திருக்கிறேன். உள்ளே ஆடியவர்கள் என்னைவிட நன்றாக ஆடினார்கள், அதனால் அவர்கள் ஆடினார்கள். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? இந்தச் சின்ன விஷயத்தை ஒரு குப்பத்துக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாமல் மூன்று வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன்.

அந்தக் குப்பம் கோட்டைக்குப்பத்தைத் தாண்டி ஏரிக்கரையில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். கோடையில் ஏரித் தண்ணீர் உள்வாங்கியதும் கரையோரச் சேறு காய்ந்து, உப்புப் பூத்து, சிமெண்டுத் தரைபோல இறுகிவிடும். ஒரு நாள் அதன் மேல் ஒரு பந்தை உருட்டிப் பார்த்தேன். அது நிற்காமல் ஓடியது. அன்றைக்கு எனக்குப் பிடித்தது பைத்தியம். பள்ளியில் அந்தக் குப்பத்துப் பெண்கள் பதினாறு பேரைச் சேர்த்தேன். பள்ளியில் இருந்த ஹாக்கி மட்டைகளோ மூன்று. அதில் ஒன்று கதவுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. மட்டை வாங்க யார் யாரையோ கேட்டு அலைந்து, கடைசியில் குப்பத்து ஊர்க்கூட்டத்தில் போய் நின்றேன். ஊர்ப் பொதுவிலிருந்து வாங்கித் தந்தார்கள். நானும் பல்லை இளித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன். அதுதான் நான் மாட்டிக்கொண்ட இடம்.

ஊர்ப் பொதுவில் வாங்கிய எதற்கும் அங்கே பாடு உண்டு.

பாடு என்பது முறை. முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் வலையைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் மண்டை உடையும். அதனால் எந்த வீட்டுக்காரர் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று சீட்டுக் குலுக்கி எடுத்து வைத்திருப்பார்கள். கெட்டிக்காரனுக்கும் ஒரு பாடுதான், வலை கட்டினால் வலையோடு தானும் சிக்கிக்கொள்கிறவனுக்கும் ஒரு பாடுதான். அடுத்தவன் பாட்டில் இறங்கினால் ஊர் சும்மா விடாது. இது ஏரிக்கு நல்ல ஏற்பாடு. நான் மறுக்கவில்லை. ஹாக்கிக்கு எதற்கு என்பதுதான் என் கேள்வி.

இந்தப் பாடுகளுக்குச் சீட்டுக் குலுக்கி எழுதி வைக்கிறவர் ஒருவர் அங்கே உண்டு. நாற்பது வயதிருக்கும். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், பிடிவாதமும் அப்படியே. மட்டைகள் வந்த மறுநாளே கையில் காகிதத்தோடு மைதானத்துக்கு வந்துவிட்டார்.

"சார், ஆட்டத்துல எத்தினி பேரு உள்ள?"

"பதினோரு பேரு."

"உங்ககிட்ட பதினாறு கீது. அப்ப அஞ்சு பேரு வெளிய. ஆட்டம் எவ்ளோ நேரம்?"

"நாலு கால் மணி நேரம்."

"ஒவ்வொரு கால் மணிக்கும் அஞ்சு பேரு வெளிய உக்காரட்டும். சீட்டு போட்டு எழுதித் தந்துடறேன். நீங்க பேஜார் ஆவாதீங்க."

ஹாக்கியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் முன்பே சொல்லியிருந்தேன். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கோல்கீப்பருக்கு மட்டும் சீட்டு இல்லை. அந்த வெயிலில் அவ்வளவு கனமான காப்புகளைக் காலில் கட்டிக்கொள்ள வேறு எந்தப் பெண்ணும் சம்மதிக்கவில்லை.

நான் வாதாடினேன். நன்றாக ஆடுகிறவர்கள் அதிக நேரம் உள்ளே இருந்தால்தான் ஜெயிக்க முடியும் என்றேன். மற்றவர்கள் அவர்களுக்கு மூச்சு வாங்கும்போது ஐந்து நிமிடம், பத்து நிமிடம் தாங்கிக்கொண்டால் போதும், அதுவும் பெரிய வேலைதான், உலகம் பூராவும் அப்படித்தான் அணி நடத்துகிறார்கள் என்றேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "நல்லா வலை கட்டறவனுக்கே தெனம் பாடு குடுத்தா, கட்டத் தெரியாதவன் எப்ப சார் கட்டக் கத்துக்குவான்?"

இறாலுக்கும் பந்துக்கும் வித்தியாசம் தெரியாதவரோடு என்ன பேசுவது? தலையில் அடித்துக்கொண்டு அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டேன்.

இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்டை எண்ணே போதும். ஒன்பதாம் எண் எங்கள் சென்டர் ஃபார்வர்டு. அந்தப் பெண் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் பந்து மட்டையோடு ஒட்டிக்கொண்டு போகும். எதிர் அணியில் மூன்று பேர் சூழ்ந்தாலும், எந்த இடுக்கில் புகுந்து வெளியே வந்தாள் என்று பக்கத்தில் நிற்கிற எனக்கே தெரியாது. இப்படி ஒரு ஆட்டக்காரி ஒரு வாத்தியாருக்கு ஒரு தடவைதான் கிடைப்பாள். கிடைத்தவளை ஒவ்வொரு ஆட்டத்திலும் கால் மணி நேரம், சில நாள் அரை மணி நேரம், உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைவிட எரிச்சல், அவளுக்கு அதில் எரிச்சலே இல்லை என்பது. தன் முறை முடிந்ததும் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ வேலை முடிந்த மாதிரி சிரித்துக்கொண்டே வெளியே வருவாள்.

பதினாலாம் எண் பின்வரிசையில் நிற்பாள். வாய் ஓயாது. பந்து எங்கே இருக்கிறது, யார் தூங்குகிறார்கள், யாருடைய பின்னல் அவிழ்ந்துவிட்டது என்று ஆட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பாள். பந்து தன்னிடம் வந்தால் மட்டும் மட்டை இருப்பது மறந்துபோய்க் காலால் நிறுத்துவாள். ஹாக்கியில் அது தப்பு, பந்து எதிர் அணிக்குப் போய்விடும். முதல் வருஷம் ஒரு ஆட்டத்துக்குப் பத்துத் தடவை அப்படி நிறுத்தினாள். மூன்றாம் வருஷம் இரண்டாகக் குறைந்திருந்தது. பாடு எழுதுகிறவர் அதைப் பெரிய சாதனையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒன்பது அந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருந்தாள். அவளுடைய அக்கா ஏற்கெனவே எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி ஆந்திராப் பக்கம் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வேனில் போய்வந்துகொண்டிருந்தாள். அவளுடைய நைனா என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார். அதிகம் பேசாத மனிதர். வலை பிடித்துப் பிடித்து உள்ளங்கை செருப்புத் தோல்போலத் தடித்திருக்கும்.

"காலேஜுல சேத்து, சோறு போட்டு, ஆடவும் உடற ஆஸ்டல் கீதுன்னு சொல்றீங்க. அது கெடச்சா படிக்கட்டும் சார். கெடைக்கலன்னா ஜூன்ல அதுவும் அக்கா கூட வேன் ஏறட்டும்."

விளையாட்டு விடுதி. அதில் இடம் கிடைக்க வேண்டுமானால் தேர்வாளர் ஒருவர் அவள் ஆடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பொன்னேரியில் கோடைப் போட்டி நடந்தது. தேர்வாளர் இறுதி ஆட்டத்துக்கு மட்டும் வருவார் என்றார்கள். ஆக நாங்கள் இறுதி ஆட்டம் வரை போக வேண்டும், அங்கே ஒன்பது உள்ளே இருக்க வேண்டும். இரண்டும் நடந்தால் கல்லூரி, நடக்காவிட்டால் வேன். எனக்குத் தூக்கம் போனது.

போட்டி தொடங்கியதும் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன் ஆகிவிடுவேன். பாடு எழுதிய காகிதத்தின்படியே ஆடி, நாங்கள் ஜெயித்தோம். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மே மாத வெயில். மற்ற அணிகளில் நட்சத்திரப் பெண்கள் நாலு பேர் ஒரு மணி நேரமும் ஓடி, கடைசிக் கால் மணியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய பெஞ்சில் இருந்த பெண்களை இறக்கினால், இறங்கியவர்களுக்கு எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. ஒரு முறைகூட ஆடியிராதவர்களுக்கு எப்படித் தெரியும்? எங்களிடம் பதினாறு பேருக்கும் காலில் தெம்பு இருந்தது. அரையிறுதியில் பதினாலாம் எண் அடித்த பந்து, எங்கேயோ அடிக்க நினைத்து எங்கேயோ போய், ஒன்பதின் மட்டைக்கு நேராக வந்து கோலாயிற்று.

"பாத்தீங்களா சார்?" என்றார் பாடு எழுதுகிறவர், எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து. எனக்குச் சோடா கசந்தது. ஜெயித்ததற்குச் சந்தோஷப்படுவதா, அவர் சொன்னது சரியாகப் போனதற்குக் கடுப்பாவதா என்று தெரியாமல் குடித்து வைத்தேன்.

இறுதி ஆட்டத்தன்று அவர் வரவில்லை. அன்றைக்கு ஏரியில் அவருடைய பாடு. காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் செருகிவிட்டு விடியற்காலையில் போய்விட்டார். பேருந்தில் பிரித்துப் பார்த்தேன். ஒன்பதுக்குக் கடைசிக் கால் மணி வெளியே. பதினாலுக்கு முதல் இரண்டு கால் மணி வெளியே, பின் இரண்டும் உள்ளே. அப்போது எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. முக்கால் மணி நேரம் பார்த்தால் தேர்வாளருக்குப் போதும் என்று நினைத்தேன்.

பேருந்தில் பதினாலு என் பக்கத்து இருக்கைக்கு வந்து உட்கார்ந்தாள். "சார், எங்கம்மா இன்னிக்கு வருது. மார்க்கெட்ல கூடைய காலி பண்ணிட்டு கடைசிக் கால் மணிக்கு வந்துடறேன்னு சொல்லிச்சு. அது நான் ஆடி ஒரு தபா கூட பாத்ததில்ல சார்." அவளுடைய அம்மா பொன்னேரிச் சந்தையில் மீன் விற்கிறவர். சரி சரி என்றேன். என் மனசு முழுக்க ஒன்பதின் மேல் இருந்தது.

முதல் பாதி முடிந்தபோது ஒன்றுக்கு ஒன்று. ஒன்பது அருமையாக ஆடியிருந்தாள். தேர்வாளரைத்தான் காணோம். தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அவரிடமிருந்து போன் வந்தது. பையன்கள் ஆட்டம் வேறு மைதானத்தில் நடக்கிறது, அதைப் பார்த்துவிட்டுக் கடைசிக் கால் மணிக்குத்தான் வர முடியும், உங்கள் ஒன்பதாம் எண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டேன், அவளைக் காட்டுங்கள் என்றார்.

அறுபது நிமிடத்தில் அவள் வெளியே இருக்கப்போவது பதினைந்தே நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் அந்த மனிதர் வருவாராம்!

அந்த நேரத்தில் நான் செய்யக்கூடிய நேரான காரியம் ஒன்று இருந்தது. பெண்களைக் கூட்டி வைத்து, விஷயம் இது, ஒன்பது மூன்றாம் கால் மணியில் உட்காரட்டும், மூன்றாம் கால் மணியில் உட்கார இருந்தவர்களில் ஒருத்தி அவளோடு மாற்றிக்கொள்ளட்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அப்படிக் கேட்டால் மூன்றாம் கால் மணியில் எனக்கு ஒன்பது இல்லை. ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கிற இறுதி ஆட்டம். எனக்கு அவள் இரண்டிலும் வேண்டும். மூன்று வருஷம் அவர்கள் முறைக்குத் தலையாட்டியாயிற்று, இன்றைக்கு ஒரு நாள் என் முறை என்று நினைத்தேன். கேட்டால் மறுப்பார்கள், ஊரைக் கேட்க வேண்டும் என்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மூன்றாம் கால் மணி முடிந்து வெளியே வந்த பதினாலைத் தனியாகத் தண்ணீர் டிரம் பக்கம் கூப்பிட்டேன். அன்றைக்குக் காலால் ஒரு தடவைகூடப் பந்தை நிறுத்தியிருக்கவில்லை அவள். அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"இந்தக் கால் மணி நீ உட்காரு. ஒன்பது போகட்டும். யாராவது கேட்டா கால் பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லு."

"எங்கம்மா வந்துகினு கீது சார்."

"அவ வேன் ஏறணுமா, காலேஜ் போவணுமா? நீயே சொல்லு."

ஒரு பெண்ணிடம் கேட்கக்கூடாத கேள்வி. அது கேள்வியே இல்லை, கழுத்தில் கத்தி. எப்போதும் வாய் ஓயாதவள், ஒன்றும் சொல்லாமல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

ஒன்பது மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். "போ உள்ள" என்றேன்.

"இது அவ பாடு சார்."

"அவளுக்குக் கால் பிடிச்சுக்கிச்சு. போ."

ஒன்பது பெஞ்சருகே போய்க் குனிந்தாள். "ரொம்ப வலிக்குதாடி?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. பதினாலு தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகுதான் ஒன்பது உள்ளே போனாள். முதல் ஐந்து நிமிடம் அவளுடைய ஆட்டம் படு மோசம். பெஞ்சையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் கோட்டோரத்தில் நின்று கத்திய கத்தலில் நடுவர் என்னை எச்சரித்தார். அப்புறம் அவளுக்குள் இருந்த ஆட்டம் வெளியே வந்தது. நடுக்கோட்டிலிருந்து பந்தை எடுத்தாள், இரண்டு பேரைத் தாண்டினாள், மூன்றாவது ஆள் மட்டையால் காலில் அடித்தும் விழாமல் போய், கோல்கீப்பரின் தலைக்கு மேலே தூக்கிப் போட்டாள். இரண்டுக்கு ஒன்று. மரத்தடி நாற்காலியில் உட்கார்ந்திருந்த தேர்வாளர் பேனாவை எடுப்பதை நான் பார்த்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தண்ணீரைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பதினாலின் அம்மா நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"எம் பொண்ணு எங்க சார் ஆடுது? எல்லா சட்டையும் ஒரே மாரி கீது, எனக்குத் தெரியல."

"கால் பிடிச்சுக்கிச்சும்மா. இப்பத்தான் உட்கார வச்சேன்."

"ஐயோ" என்று கூடையைக் கீழே போட்டுவிட்டுப் பெஞ்சுக்கு ஓடினார். தன் புடவை முந்தானையைத் தண்ணீரில் நனைத்து மகளின் கெண்டைக்காலில் சுற்றினார். பதினாலு என்னைப் பார்க்கவில்லை. கோப்பை வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை நடந்தபோது அவள் நொண்டிக்கொண்டே வந்தாள். ஒரு எட்டு வைத்தால் ஒரு இழுப்பு. அவ்வளவு நன்றாக அவளால் எதையாவது செய்ய முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. பேருந்தில் அம்மா வழி பூராவும் அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு அமுக்கிவிட்டார். ஒன்பது கோப்பையைக் கொண்டுபோய்ப் பதினாலின் மடியில் வைத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

மூன்று நாளில் விடுதியிலிருந்து செய்தி வந்தது. ஒன்பதுக்கு இடம் கிடைத்துவிட்டது. இனிப்பு வாங்கிக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். யாரும் இனிப்பை எடுக்கவில்லை. ஊர்க்கூட்டம் உட்கார்ந்திருந்தது.

நடந்தது இதுதான். பதினாலின் அம்மா இரண்டு நாள் சந்தைக்குப் போகாமல் எண்ணெய் காய்ச்சித் தேய்த்திருக்கிறார். நொண்டல் நிற்கவில்லை. மூன்றாம் நாள் எலும்பு கிலும்பு விலகியிருக்குமோ என்று பயந்து, கட்டுப் போடுகிறவரிடம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். அவர் காலைப் பிடித்து ஒரு திருகு திருகப் போனதும் இந்தப் பெண் அலறிவிட்டாள். "காலுக்கு ஒண்ணும் இல்ல, சார் சொல்லச் சொன்னாரு."

அந்த அம்மா கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்து, நானும் பதிலுக்குத் தயாராக இருந்தேன். குரல் உடைந்துதான் வந்தது. "கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டோமா சார்? அந்தப் புள்ளைக்கு காலேஜு கெடைக்கும்னு சொல்லி இருந்தா, எம் பொண்ணு பாட்ட நானே எடுத்துக் குடுத்திருப்பேனே. ரெண்டு நாளா நல்ல காலப் புடிச்சு தேச்சுகினு இருந்தேனே சார்!"

கையிலிருந்த இனிப்புப் பெட்டியைக் கீழே வைத்தேன்.

பாடு எழுதுகிறவர் பேசினார். அடுத்த வீட்டுப் பாட்டில் இறங்கினால் ஒரு சுற்று பாடு நிற்கும், அந்தச் சுற்று யாருடைய பாடு போனதோ அவர்களுக்குப் போகும், இதுதான் ஊர் வழக்கம் என்றார். ஒன்பது பதினாலின் பாட்டில் இறங்கினாள். ஆகவே ஒன்பதின் நைனாவுக்கு இந்தச் சுற்று ஏரியில் பாடு இல்லை.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. கடலில் பெரிய படகுகளுக்குத் தடைக்காலம். ஏரி இறாலுக்குச் சந்தையில் அடிதடி நடக்கிற நேரம். மகளை விடுதிக்கு அனுப்ப அந்தச் சுற்றைத்தான் அந்த மனிதர் நம்பிக்கொண்டிருந்தார். "இதெல்லாம் ஒரு நியாயமா? பள்ளிக்கூடத்து விளையாட்டுக்கும் இறாலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கத்தினேன்.

"மட்ட ஊரு மட்ட சார். பாடு ஊரு பாடு."

"அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. பொய் சொன்னது நான். தப்பு என்னுது. எனக்குத் தண்டனை குடுங்க!"

அவர் கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "உங்களுக்குப் பாடே இல்லியே சார். உங்ககிட்ட இன்னாத்த நிறுத்தறது?"

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒன்பதின் நைனா ஓரத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். "சரி" என்றார். அந்த ஒரு வார்த்தையோடு கூட்டம் கலைந்தது. இவ்வளவு பெரிய அநியாயத்துக்கு ஒரு மனிதர் "சரி" என்று சொன்னால், பக்கத்தில் நிற்கிறவன் என்ன செய்வது? இனிப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பைக்கை எடுத்தேன். வழியெல்லாம் அந்த ஊரை, அந்தக் காகிதத்தை, அந்த அச்சுக் கையெழுத்தைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீடு வந்த பிறகும் தீரவில்லை.

ஜூனில் ஒன்பது விடுதிக்குக் கிளம்பினாள். காலைப் பேருந்துக்கு வழியனுப்பப் போனேன். ஒரு பை, ஒரு பிளாஸ்டிக் வாளி, அவ்வளவுதான் சாமான். மட்டை இல்லை. ஊர் மட்டை ஆயிற்றே. முந்தின நாளே பதினாலிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். ஆண்கள் எல்லாம் தண்ணீரில் இருக்கிற நேரம் அது. அவளுடைய நைனா மட்டும் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவருக்கு வர வேண்டிய பாடு. அவருடைய இடத்தில் பதினாலின் நைனா வலை கட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லதாப் போச்சு சார். பாடு இருந்தா வந்திருக்க முடியாது. புள்ளைய ஏத்தி உட வந்தேன்" என்றார்.

குத்திக் காட்டவில்லை. அவர் அப்படிப் பேசத் தெரிந்தவர் இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

பேருந்து வந்தது. அவள் ஏறினாள். வாளியை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். பேருந்து கிளம்பித் திரும்பி மறைந்த பிறகும் அவர் நகரவில்லை.

"சார், அங்க எத்தினி புள்ளைங்க?"

"முப்பது பேர் இருப்பாங்க."

"எல்லாம் நம்ம புள்ள மாரி ஆடுமா?"

"இவளைவிட நல்லா ஆடறவங்களும் இருப்பாங்க. மாநிலம் பூரா தேடி எடுத்தவங்க."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "முப்பதுல பதினொண்ணு தான உள்ள. நம்ம புள்ளைக்குப் பாடு எப்ப வரும் சார்?"

"அங்க பாடெல்லாம் கெடையாதுங்க. நல்லா ஆடறவங்கதான் ஆடுவாங்க."

மூன்று வருஷமாக அந்த ஊருக்கு நான் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தைதான். இந்தத் தடவை கத்தாமல் சொன்னேன். அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது போயி உக்காந்துகினே இருக்குமா?" என்றார்.